முனீஸ்வரன் எடுத்துக்கொண்ட மட்டை

போன வாரம் மாமா அமெரிக்காவிலிருந்து பேசினார். உடம்பு, மழை, பலாப்பழ விலை எல்லாம் விசாரித்து முடித்த பிறகு, துக்கம் சொல்கிற குரலில் ஒரு செய்தி சொன்னார். அவர் வீட்டுத் தெருக்கோடியில் இருந்த பேஸ்பால் மைதானத்தில் பாதியைக் கால்பந்துக்குக் கொடுத்துவிட்டார்களாம். சனிக்கிழமை காலையில் அந்தப் பாதிப் பக்கம் கார் நிறுத்தக்கூட இடம் இல்லையாம். மிச்சப் பாதியில் புறா மேய்கிறதாம். பேஸ்பாலும், முட்டைப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி முட்டிக்கொள்ளும் ஆட்டமும், கூடையில் பந்து போடுகிற ஆட்டமும் ராஜாக்களாக இருந்த ஊரில் இப்படி ஆகிவிட்டதே என்று அவருக்கு ஆற்றாமை.

"மாமா, நம்ம ஊர்ல இது எப்பவோ ஆயிப்போச்சு. அதுவும் ஒரே மத்தியானத்துல. உங்க அமெரிக்காவுக்குத்தான் இவ்ளோ வருஷம் புடிச்சிருக்கு" என்றேன்.

மாமா சிரித்துவிட்டார். "இன்னா பண்றது? முனீஸ்வரன் உங்க ஊர்லல்ல கீறாரு!" என்றார்.

நான் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஜவ்வாது மலையில், ஆலங்காயத்திலிருந்து பஸ் திணறித் திணறி ஏறி வரும் பாதையில், கண்டக்டர் பாதித் தூக்கத்தில் விசில் அடித்து நிறுத்துகிற ஊர் எங்களுடையது. வல்லரசு தலைமுறைக் கணக்கில் யோசித்துச் செய்ததை நாங்கள் கூழ் குடித்த வயிற்றோடு ஒரு மத்தியானத்தில் செய்து முடித்தோம். அதில் நானும் ஆடினேன்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. அம்மாவின் தம்பிதான் மாமா. தாத்தா பாட்டி காலமான பிறகு அவருக்கு அக்கா வீடே தாய்வீடு. அமெரிக்காவுக்குப் போய்ப் பல வருஷம் கழித்து அந்த ஆடி மாதத்தில்தான் முதல்முறையாக வந்தார். அங்கே பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை, இங்கே மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் திருவிழா. அத்தைக்கு லீவு கிடைக்காததால் மாமாவும் மகளும் மட்டும் வந்தார்கள். மாமா மகள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். தமிழ் நன்றாகப் புரியும். பேசச் சொன்னால் மட்டும் அரிசியில் கல் பொறுக்குவதுபோல ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுப்பாள்.

மாமாவின் பெரிய பெட்டியைத் திறக்கும்போது ஊரில் பாதி எங்கள் வீட்டு வாசலில் நின்றது. சென்ட்டு பாட்டிலும் சாக்லேட்டும் வரும் என்று எதிர்பார்த்து வந்த கூட்டம். சாக்லேட் கொஞ்சம் வந்தது. மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான். உருண்டையாக வழவழவென்று ஒரு மட்டை, அதற்கு ஒரு வெள்ளைப் பந்து, தோலில் செய்த பெரிய கையுறை ஒன்று, முட்டைப் பந்து ஒன்று, இரும்பு வளையத்தோடு ஒரு ஆரஞ்சுப் பந்து. மாமா ஒவ்வொன்றையும் கையில் தூக்கிப் பிடித்து, அதன் பெருமையைச் சொல்லிக் கீழே வைத்தார். ஏலம் விடுகிறார் என்று நினைத்து ஒருவர் விலை கேட்டார்.

"இது பேஸ்பால் மட்டை. அமெரிக்காவுல மொத ஆட்டம் இதான். இது தெரியலன்னா அங்க ஆளே இல்ல" என்றார் மாமா. "திங்கக்கிழமை காலையில ஆபீஸ்ல வேற பேச்சே கெடையாது. நானும் ஒரு வருஷம் பேந்தப் பேந்த முழிச்சிக்கினு இருந்தேன். அப்புறம் கத்துக்கினேன்."

அவர் பேசி முடிக்கிற நேரத்தில் மாமா மகள் தன் சின்னப் பையிலிருந்து ஒரு பந்தை எடுத்தாள். கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் தேய்ந்து, அங்கங்கே நூல் பிரிந்த உருண்டைப் பந்து. அப்பா அதைப் பார்த்து, "இது எந்த நம்பர் ஆட்டம் மச்சான்?" என்று கேட்டார்.

"அது இவளோடது மாமா. அங்க சின்னப் புள்ளைங்க ஒதைச்சிக்கினு கெடக்கும். பெரிய ஆட்டத்துல சேத்தி இல்ல" என்றார் மாமா. அவள் பந்தை மறுபடியும் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

இங்கே அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் கபடிக் குழுவுக்கு அவர்தான் எல்லாம். கூழ் ஊற்றிய மறுநாள் எங்கள் ஊருக்கும் ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊருக்கும் கபடிப் போட்டி நடப்பது வழக்கம். வருஷம் முழுக்க இரண்டு ஊரும் பெண் கொடுத்து, பெண் எடுத்து, மாடு மாற்றிக்கொண்டு சமாதானமாக இருக்கும். அன்று ஒருநாள் மட்டும் ஒன்றை ஒன்று கடித்துத் தின்னும். அப்படிப்பட்ட போட்டியை ஒரு வருஷத்துக்கு நிறுத்திவிட்டு, அதற்குப் பதில் அமெரிக்க ஆட்டம் நடத்தலாம் என்று மாமா கேட்டார். வந்த விருந்தாளி, அதுவும் பெண்டாட்டியின் தம்பி. அப்பா தலையைச் சொறிந்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்தார், சரி என்றார்.

மாமா அதோடு விடவில்லை. தானே ஓடையைத் தாண்டிப் போய், "இந்த மலையில யாரும் பாக்காத ஆட்டம். மொத்த ஊரும் வாங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அங்கேயும் நாலு பையன்களைப் பிடித்து ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். வாக்கு என்றால் எங்கள் பக்கம் விளையாட்டில்லை. ஆட்டம் நடக்காவிட்டால் மாமாவின் மானம் மட்டுமல்ல, ஊர் மானமே ஓடையோடு போகும்.

அன்றிலிருந்து தினமும் தெருவில் பயிற்சி. கிரிக்கெட் ஆடுகிற அண்ணன்மார்கள்தான் மாணவர்கள். அவர்களுக்கு முதல் நாளே ஒரு சிக்கல் வந்தது. பந்தை அடித்துவிட்டு மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும் என்றார் மாமா. "மட்டைய எவனாச்சும் கீழ போடுவானா? மண்ணு ஒட்டாதா?" என்று அவர்கள் மட்டையோடு ஓடினார்கள். ஓடுகிற வேகத்தில் ஒருவர் மட்டை இன்னொருவர் முழங்காலைப் பதம் பார்த்தது. முட்டைப் பந்தின் கதை இன்னும் மோசம். "பந்துன்னா உருளணும். இது இன்னாடா, சாராயம் குடிச்ச மாதிரி நினைச்ச பக்கம் போவுது" என்று சொல்லி அதை மூன்றாம் நாளே கைவிட்டார்கள். இரும்பு வளையத்தைப் பலா மரத்தில் ஆணி அடித்து மாட்டினார் மாமா. அம்மா அதில் கயிறு கட்டி வெங்காயக் கூடையைத் தொங்கவிட்டாள். தோல் கையுறையை அவள் எடுத்து அடுப்பிலிருந்து கூழ் அண்டா இறக்கிப் பார்த்தாள். "இத்தினி வருஷம் கழிச்சி என் தம்பி வாங்கியாந்ததுல இதான்டி உருப்படி" என்று சொல்லித் தினமும் ஒருமுறை மாட்டிக்கொண்டாள். மாமா வந்து கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்.

நாங்கள் பெண் பிள்ளைகள் தெருப்பக்கம் போக முடியாது. தெரு அமெரிக்காவுக்குப் போய்விட்டது. வீட்டுக்குப் பின்னால், பலா மரங்களுக்கு நடுவில் இருக்கிற இடத்தில்தான் மாமா மகள் எங்களுக்குத் தன் பந்தைக் காட்டினாள். பேச்சு அதிகம் இல்லை. பந்தைக் காலால் நிறுத்தினாள், தட்டினாள், ஓடினாள். இரண்டு செங்கல் வைத்து நடுவில் அடித்தாள். "கை, நோ. கால், ஓகே" என்றாள். ஆட்டத்தின் சட்டமே அவ்வளவுதான். மட்டை வேண்டாம், கையுறை வேண்டாம், பாடம் வேண்டாம். சாணி மிதித்த காலோடு அரை மணி நேரத்தில் நாங்கள் எல்லாரும் ஆட்டக்காரிகள் ஆகிவிட்டோம். முழங்கால் சிராய்த்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டு மறுபடியும் இறங்குவோம்.

இன்னொரு சட்டமும் இருந்தது. அதை அவள் வாயால் சொல்லவில்லை. பந்து செங்கல்லுக்கு நடுவே போனதும் அவள் சட்டென்று இடப்பக்கம் திரும்பிப் பார்ப்பாள். எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே இருக்கிற சந்து அந்தப் பக்கம். அதன் வழியாகத் தெருவில் பாதி தெரியும். ஒரு கணம் பார்ப்பாள், பிறகு பந்தை எடுக்க ஓடுவாள். ஒவ்வொரு முறையும் இதேதான். சாமி கும்பிட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வதுபோல, கோல் போட்டால் இடப்பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்தேன். நான் கோல் போட்டதும் நானும் திரும்பிப் பார்த்தேன். மற்ற பெண்களும் பிடித்துக்கொண்டார்கள். மறந்துபோய்த் திரும்பாமல் ஓடி வந்த ஒருத்தியின் கோலை, செல்லாது என்று நாங்களே அடித்துவிட்டோம். அவள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போனது இன்னும் நினைவிருக்கிறது.

ஒருநாள் அம்மா மாமா மகளுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டே, "அங்க நீ ஆடறப்போ ஒங்கப்பா வந்து பாப்பானா கண்ணு?" என்று கேட்டாள்.

அவள் சொற்களைப் பொறுக்கினாள். "அப்பாவுக்கு பேஸ்பால் கீது அத்தை. சனிக்கிழமை. எப்பவும் சனிக்கிழமை. ஒரு மேட்ச்கூட வந்ததில்ல." பத்து நாளில் எங்கள் ஊர்க் 'கீது' வந்துவிட்டதே என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. பின்னலைக் கொஞ்சம் இறுக்கிப் போட்டாள்.

காப்புக் கட்டினார்கள். கூழ் ஊற்றினார்கள். மறுநாள் காலை, போட்டிக்குப் போகும்முன் அம்மா ஆரம்பித்தாள். "புதுசா வந்த சாமான். முனீஸ்வரனுக்குக் காட்டாம கை வெக்கலாமா?" எங்கள் ஊரில் டிராக்டர் வாங்கினாலும் தையல் மெஷின் வாங்கினாலும் எல்லையில் இருக்கும் முனீஸ்வரனிடம் காட்டிவிட்டுத்தான் ஓட்டுவோம். போட்டி நடக்கிற திடலும் முனீஸ்வரன் கோயிலுக்கு எதிரில்தான். கோயில் என்றால் கோபுரம் கிடையாது. ஒரு புளியமரம், அதன் அடியில் ஒரு கல், அதைச் சுற்றி மண்ணில் நட்ட வேலும் சூலமும் அரிவாளும். மாமாவுக்கும் சந்தோஷம். ஊர் முறைப்படி பூசை போட்டு அமெரிக்க ஆட்டத்தைத் தொடங்கினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

பூசாரி மற்ற நாட்களில் பஸ் நிறுத்தத்தில் பஞ்சர் ஒட்டுகிறவர். தட்டில் கற்பூரம் ஏற்றினார். மட்டையைக் கையில் ஏந்தியபடி மாமா கும்பிட்டார். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. அதற்குப் பிறகு மாமாவுக்குப் போட்டோ எடுக்கிற ஆசை வந்தது. ஆபீசில் இருப்பவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். கேமராவைச் சரிசெய்ய இரண்டு கையும் வேண்டும். அதனால் மட்டையின் கைப்பிடியை, வேலுக்கும் சூலத்துக்கும் நடுவில், இளகிக் கிடந்த மண்ணில் அழுத்தி ஊன்றி வைத்தார். தடித்த பாகம் மேலே நின்றது. அசல் கதாயுதம். மாமா போட்டோ எடுத்துவிட்டு நிமிர்வதற்குள் பூசாரி அதற்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, மஞ்சள் கயிறும் கட்டிவிட்டார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

மாமா மட்டையைப் பிடுங்கப் போனார்.

"ஐயோ, கை வெக்காதீங்க!" என்று பூசாரி குறுக்கே வந்தார். "காப்பு கட்டிக்கீது. முனி எதுருல மண்ணுல நட்டது நட்டதுதான். அது இனிமே அவரு ஆயுதம்."

"யோவ், அது பேஸ்பால் மட்டைய்யா!"

"இருக்கட்டுங்க. அவருக்கு எல்லாம் தெரியும்."

இந்த முறை ஊரில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தட்டில் வைத்துக் காட்டியதை எடுத்துக்கொண்டு போகலாம். மண்ணில் ஊன்றியது முனியுடையது. வீட்டுச் சாவியை ஊன்றினாலும் அதே கதிதான். மாமா அமெரிக்காவில் ஒன்றைக் கற்றுக்கொண்ட அவசரத்தில் இங்கே ஒன்றை மறந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ஓடைப்பக்கம் மேளச் சத்தம் கேட்டது. அந்தப் பக்கத்து ஊர் முக்கால்வாசி வந்துகொண்டிருந்தது. கிழவர்கள், பிள்ளைகள், கைக்குழந்தைகள் எல்லாம். திடலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். விஷயம் அவர்கள் காதுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? "இன்னாப்பா, ஆட்டத்த முனீஸ்வரன்தான் ஆடப் போறாரா?" என்று ஒருவர் குரல் கொடுத்தார். சிரிப்பு எழுந்தது. கிரிக்கெட் மட்டையால் ஆடலாம் என்றார் எங்கள் ஊர் அண்ணன் ஒருவர். அது அந்த ஆட்டமே இல்லை என்று மாமா பல்லைக் கடித்தார். கபடி ஆடலாம் என்றால், அவர்களுடைய நல்ல ஆட்டக்காரர்கள் இந்த வருஷம் போட்டி இல்லை என்று ஜமுனாமரத்தூருக்குச் சந்தை பார்க்கப் போய்விட்டார்கள். வெயில் ஏறியது. சிரிப்பும் ஏறியது. மாமாவின் முகம் சுண்டிப்போனதைப் பார்க்க எனக்கே அழுகை வந்தது.

அப்போதுதான் மாமா மகள் திடலுக்கு நடுவே நடந்து போனாள். கையில் அந்தத் தேய்ந்த பந்து. அப்பாவிடம் போய் நின்று, "மாமா, இது ஆடலாமா?" என்று கேட்டாள்.

பொட்டைப் பிள்ளைகள் அதுவரை அந்தத் திடலில் கும்மிக்குத் தவிர இறங்கியதில்லை. அப்பா பந்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தாரா என்று தெரியவில்லை, பார்த்திருப்பார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கபடிக் கோடு போடுகிற சுண்ணாம்பு வாளியைத் தூக்கினார்.

"கால்ல ஒதைக்கறதுக்கு மட்டை இன்னாத்துக்கு? எறங்குங்கடி!" என்றார். அந்தப் பக்கத்து ஊரைப் பார்த்து, "உங்க பசங்க வந்தாலும் சரி, பொண்ணுங்க வந்தாலும் சரி" என்றார்.

அவர்கள் பசங்களைத்தான் அனுப்பினார்கள். பெண்களோடு ஆட வேண்டுமா என்று இளித்துக்கொண்டே வந்தார்கள். கோலுக்குக் கம்பம் இல்லை. முதல் நாள் கூழ் காய்ச்சிய அண்டாக்களைக் கொண்டுவந்து, ஒவ்வொரு பக்கமும் இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்தார்கள். அவர்களுடைய அண்டாக்கள் கிழக்கே. முனீஸ்வரனும் புளியமரமும் எங்களுக்கு இடப்பக்கம்.

இளிப்பு கொஞ்ச நேரம்தான். அவர்கள் பந்தை எங்கே கண்டாலும் ஓங்கி உதைத்தார்கள். பந்து ஓடைக்குப் போனது, கூட்டத்துக்குப் போனது, ஒரு கிழவர் மடிக்குப் போனது. நாங்கள் பலா மரத்துக்கு நடுவே ஆடிப் பழகியவர்கள். மரத்தை விட்டு விலகுவதுபோல அவர்களை விட்டு விலகிப் போனோம். மாமா மகள் இரண்டு பேரைத் தாண்டி, அண்டாவை உரசினாற்போல் அடித்தாள். 'ணங்' என்ற சத்தத்தோடு பந்து உள்ளே போனது. எங்கள் ஊர் விசில் அடித்தது. எந்த விசிலும் காதில் விழாதவள்போல அவள் இடப்பக்கம் திரும்பினாள்.

அங்கே மாமா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பூசாரியோடு வாதாடிக்கொண்டிருந்தார். வேறு மட்டை வாங்கி வந்து ஊன்றுகிறேன், இதைக் கொடுத்துவிடு என்று பேரம். அவள் ஒரு கணம் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். சட்டம் முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அவர்களும் ஒன்று போட்டார்கள். அதற்குப் பிறகு ஆட்டம் சூடு பிடித்தது. முழங்கையால் இடித்தார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் என்ன சளைத்தவர்களா, நாங்களும் இடித்தோம். நடுவில் ஒருமுறை திரும்பிப் பார்த்தபோது, அப்பா சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டு மாமாவிடம் போய்த் தோளில் கை போடுவது தெரிந்தது. ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று அப்போது என் காதில் விழவில்லை. அப்பா அவரைத் திருப்பி, புளியமர வேரில் உட்காரவைத்தார். மாமாவின் ஒரு கையில் அந்தத் தோல் கையுறை மாட்டியபடியே இருந்தது. ஆட்டத்துக்கென்று மாட்டியதைக் கழற்றவே மறந்திருக்கிறார்.

பந்து மாமா மகளிடம் வந்தது. ஒருவன் காலை நீட்டினான், தாண்டினாள். இன்னொருவன் பாவாடையைப் பிடித்தான், பாவாடை கிழிந்தது, அவள் நிற்கவில்லை. அண்டாக்களுக்கு நடுவே நின்றவன் கண்ணை மூடிக்கொண்டான். பந்து உள்ளே போனது. அவள் வழக்கம்போல இடப்பக்கம் திரும்பினாள்.

மாமா எழுந்து நின்றிருந்தார். கையுறையோடு கை தட்டினார். அது கைதட்டலாகவே கேட்கவில்லை. மெத்தையை அடிப்பதுபோல 'தொப் தொப்' என்றது. கழற்றத் தோன்றாமல் தட்டிக்கொண்டே இருந்தார். மாமா மகள் பந்தை எடுக்க ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்று இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். கால் சுளுக்கிவிட்டது என்று நினைத்து நான் தண்ணீர்ச் சொம்போடு ஓடினேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். கன்னமெல்லாம் ஈரம். அப்படியே சிரித்தாள். அமெரிக்காக்காரர்கள் ஜெயித்தால் அழுவார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி நேரத்தில் நான் ஒன்று போட்டேன். உள்ளதைச் சொன்னால், நான் போடவில்லை. பந்து என் முழங்காலில் பட்டு அதுவாகப் போனது. ஆனால் கோல் கோல்தான். சட்டப்படி இடப்பக்கம் திரும்பினேன். அப்பா சுண்ணாம்புக் கையோடு நின்றிருந்தார். தன் கபடிக் குழு ஜெயித்தபோதெல்லாம் மீசையைத் தடவிவிட்டுப் பேசாமல் போகிறவர். அன்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "என் பொண்ணுடா!" என்று ஓடைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார். மீசையெல்லாம் சுண்ணாம்பு. எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. இந்தச் சட்டம் நல்ல சட்டமாக இருக்கிறதே என்றுதான் அப்போது தோன்றியது.

ஜெயித்தது நாங்கள். போகும்போது அந்தப் பக்கத்து ஊர்ப் பெண்கள் வந்து பந்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அடுத்த ஆடிக்கு அவர்களும் ஒரு குழு சேர்த்துவிட்டார்கள். மாமா மகள் அந்தப் பந்தை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். மட்டை முனீஸ்வரனிடமே இருக்கிறது. வருஷா வருஷம் அதற்கு எண்ணெய் தடவிச் சந்தனம் வைக்கிறார்கள். அமெரிக்காவின் முதல் ஆட்டம் எங்கள் ஊரில் சாமியாகிவிட்டது. சாமியை எடுத்து யார் ஆடுவார்கள்?

இப்போது நான் ஆலங்காயத்தில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஊருக்குப் போய்ப் பெண் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன். கிரிக்கெட் பையன்கள் சாயந்திரத்தில் திடலைத் தாங்களே காலி செய்து கொடுக்கிறார்கள். அப்பா இன்னமும் கோடு போடுகிறார். எங்கள் பிள்ளைகள் ஜமுனாமரத்தூரில் போய் ஜெயித்துவிட்டு வந்தார்கள். அங்கே ஒரு பெண் என்னிடம், "இன்னாக்கா, உங்க ஊரு புள்ளைங்க கோல் போட்டதும் எதுக்கு அந்தப் பக்கம் திரும்புறாங்க? வேண்டுதலா?" என்று கேட்டாள். எங்க ஊர் முறை என்று பெருமையாகச் சொன்னேன்.

மாமா பேசிய மறுநாள் மாமா மகள் கைபேசியில் ஒரு வீடியோ அனுப்பினாள். பேஸ்பாலிடமிருந்து வாங்கிய அந்தப் பாதி மைதானம். சின்னச் சின்னப் பெண்கள், அதில் அவள் மகளும் ஒருத்தி. குட்டி பந்தைத் தள்ளிக்கொண்டு போய் வலைக்குள் அடித்தது. அடித்ததும் சட்டென்று இடப்பக்கம் திரும்பியது. அட, அங்கேயும் நம் சட்டம்தான் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. குட்டி திரும்பிய பக்கம் கேமராவும் திரும்பியது. அங்கே மடக்கு நாற்காலியை விட்டு எழுந்து நின்று, தலையில் பேஸ்பால் தொப்பியோடு, மாமா கை தட்டிக்கொண்டிருந்தார்.

நான் வீடியோவை நிறுத்திவிட்டேன். பலா மரங்களுக்கு நடுவே இருந்து சந்து வழியாக மாமா மகள் எதைப் பார்த்தாள் என்பது அப்போதுதான் உறைத்தது. அம்மாவிடம் போன் போட்டு, அன்றைக்கு அப்பா மாமாவிடம் என்ன சொன்னார் என்று கேட்டேன். அம்மாவுக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருந்தது. "மட்டைய முனி பாத்துப்பாரு மச்சான். உன் பொண்ண யாரு பாக்கறது?" கணக்கு டீச்சர் என்று பேர். இந்தக் கணக்கு எனக்கு இத்தனை வருஷம் வரவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். புதிதாகச் சேர்ந்த ஒரு சிறுமிக்கு மூத்தவள் ஒருத்தி கண்டிப்போடு சொல்லிக்கொண்டிருந்தாள். "கோல் போட்டா ஒடனே இந்தப் பக்கம் திரும்பிப் பாக்கணும். அது ரூல்ஸ். பாக்கலன்னா கோல் செல்லாது." சிறுமி தலையாட்டினாள். அவள் வீட்டிலிருந்து யாரும் வந்திருக்கவில்லை.

நான் திருத்தவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, முனீஸ்வரன் இருக்கிற இடப்பக்கம் போய் நின்றுகொண்டேன்.